கேம்பர் வேனில் புது சாக்கெட்: சார்ஜர் செருகினாலே ஆர்சிசிபி விழுகிறது

புது சாக்கெட்டின் நியூட்ரலை ஆர்சிசிபியின் (கரண்ட் கசிந்தால் தானே விழுந்து லைனை அணைக்கும் பாதுகாப்பு சுவிட்ச்) அவுட்புட் பக்கத்துக்கு மாற்றுங்கள். அநேகமாக அதை இன்புட் பக்கத்திலிருந்து இழுத்திருக்கிறார்கள். பழைய சாக்கெட்டில் மிக்சியே ஓடுகிறது, கட்டிலருகே புதிதாக வைத்ததில் சார்ஜர் செருகினால்தான் விழுகிறது என்கிறீர்கள். அப்படியென்றால் ஆர்சிசிபி நல்லாத்தான் இருக்கிறது, மாற்றிக் காசைக் கரியாக்காதீர்கள்.

இப்போது கரண்ட் ஆர்சிசிபி வழியாகப் போய், திரும்பும்போது அதற்கு வெளியே சுற்றி வருகிறது. போகிற கரண்டுக்கும் திரும்புகிற கரண்டுக்கும் 30 மில்லியாம்பியர் வித்தியாசம் வந்தாலே விழவேண்டிய சாமான் அது. போன் சார்ஜர் அதைச் சுலபமாகத் தாண்டும். சாக்கெட்டில் நியூட்ரலும் எர்த்தும் இடம் மாறியிருந்தாலும் இதே கதைதான்.

1. வீட்டு கரண்டில் செருகியிருக்கும் வேனின் பிளக்கை உருவுங்கள். இன்வெர்ட்டரை அணைத்து, அதன் அவுட்புட்டையும் கழற்றுங்கள்.

2. ஆர்சிசிபி ஆஃப். சாக்கெட் பிளேட்டைக் கழற்றி, மல்டிமீட்டரை பீப்பில் (இரண்டு முனைக்கும் தொடர்பு இருந்தால் சத்தம் போடும் மோடு) வைத்து, நியூட்ரல் டெர்மினலுக்கும் உருவிய பிளக்கின் நியூட்ரல் பின்னுக்கும் பாருங்கள். பீப் வந்தால் நான் சொன்னதுதான். (சாக்கெட்டை முன்னாலிருந்து பார்த்தால் நியூட்ரல் இடது, பின்னாலிருந்து வலது. இங்கேதான் பலர் கோட்டை விடுவது.)

3. அதே டெர்மினலுக்கும் வேன் பாடிக்கும் பீப் வந்தால் எர்த்தோடு கலந்திருக்கிறது.

திறந்த கையோடு, டேப் சுற்றிய ஜாயின்ட் இருந்தால் வெட்டியெறிந்து லக் (கம்பி முனையில் மாட்டும் உலோகக் குழல்) போட்டு கிரிம்ப் செய்யுங்கள், அதாவது இறுக்கி நசுக்குங்கள். பெங்களூரு ரோட்டுக் குலுக்கலில் முறுக்கிய ஜாயின்ட் தளர்ந்து சூடாகும். வயர் நுழையும் தகடு ஓட்டையில் ரப்பர் குரோமெட் (வளையம்) கட்டாயம். 6 ஆம்பியர் சாக்கெட்டுக்கு 1.5 ஸ்கொயர் எம்எம் காப்பர் போதும், ஆனால் இண்டக்‌ஷன் அடுப்பை அதில் செருகாதீர்கள்.

வீட்டு கரண்டும் இன்வெர்ட்டரும் ஒரே லைனுக்கு வருகிறதென்றால் நடுவில் இரண்டு போல் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (லைன், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து மாற்றுவது) இல்லாமல் ஆன் செய்யவே கூடாது.