அன்று கைதட்டியவர்கள்

கேள்வி: 1995ல் அமெரிக்கக் கால்பந்து நட்சத்திரம் ஓ.ஜே. சிம்சன் விடுதலையானபோது அமெரிக்கக் கறுப்பர்கள் துள்ளிக் குதித்துக் கைதட்டிய பழைய வீடியோவைச் சமீபத்தில் பார்த்தேன். அவருடைய முன்னாள் மனைவி நிக்கோல், ரான் கோல்ட்மன் என்ற இளைஞர் என்று இரண்டு பேரைக் கத்தியால் குத்திக் கொன்ற வழக்கு அது. தீர்ப்பு சொன்ன 12 ஜூரர்களில் 9 பேர் கறுப்பர்கள். நான்கு மணி நேரம்கூடப் பேசாமல் தங்கள் இனத்துக்காரரை விட்டுவிட்டார்கள். வெள்ளையரின் இனவெறியைப் பற்றி அடிக்கடி எழுதும் நீங்கள் இந்தக் கொண்டாட்டத்துக்கு என்ன பெயர் வைப்பீர்கள்?
– வாசகர் ஒருவர், ஈரோடு

பதில்: உங்கள் கோபம் புரிகிறது. இரண்டு உயிர் போன வழக்கில் ஆரவாரம் கேட்டால் யாருக்கும் வயிறு எரியும். ஆனால் நீங்கள் போட்ட கணக்கு பாதியில் நிற்கிறது. அதை முடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

9 பேர் கறுப்பர்கள், சரி. மீதி மூவர்? இருவர் வெள்ளையர், ஒருவர் லத்தீன் வம்சாவளி. கலிஃபோர்னியாவில் கொலை வழக்கில் 12 ஜூரர்களும் ஒரே முடிவுக்கு வந்தாக வேண்டும். ஒருவர் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் தீர்ப்பு கிடையாது. முதல் வாக்கெடுப்பில் இரண்டு பேர் ‘குற்றவாளி’ என்றார்கள், பிறகு அவர்களும் மாறினார்கள். நான்கு மணி நேரம் என்று எழுதிய நீங்கள், அதற்கு முன் அந்த ஜூரர்கள் 265 நாள் வீட்டுப்பக்கம் போகாமல் ஹோட்டலில் அடைபட்டுக் கிடந்ததை எழுதவில்லை.

இதேபோல் நிறம் பார்த்து இன்னொரு ஜூரியையும் எண்ணுங்கள். 1991 மார்ச் 3 அதிகாலை, லாஸ் ஏஞ்சலஸில் ராட்னி கிங் என்ற கறுப்பரைப் போலீஸ்காரர்கள் தரையில் போட்டுத் தடியால் அடித்தார்கள். அக்கம்பக்கத்தில் இருந்த ஒருவர் தன் வீட்டு பால்கனியிலிருந்து அதை வீடியோ எடுத்தார். நாடே பார்த்தது. வழக்கு நகரத்தை விட்டு சிமி வேலி என்ற வெள்ளையர் வட்டாரத்துக்கு மாற்றப்பட்டது. 10 வெள்ளையர், ஒரு லத்தீன் வம்சாவளியினர், ஒரு ஆசியர். கறுப்பர் ஒருவர்கூட ஜூரியில் இல்லை. 1992 ஏப்ரல் 29 அன்று நான்கு போலீஸ்காரர்களும் விடுதலை. ஒருவர் மீதான ஒரே ஒரு குற்றச்சாட்டில் மட்டும் ஜூரிக்குள் ஒற்றுமை வரவில்லை. நகரம் பற்றி எரிந்தது, 50 பேருக்கு மேல் செத்தார்கள். மறு வருடம் மத்திய அரசு தனியாக வழக்குப் போட்ட பிறகுதான் இருவருக்குச் சிறை கிடைத்தது.

ராட்னி கிங் அடிபட்ட 13ஆம் நாள் நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். இது வெளியே அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. லடாஷா ஹார்லின்ஸ், 15 வயதுக் கறுப்பினப் பெண். காலையில் மளிகைக் கடைக்குப் போய் ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலை எடுத்தாள். விலை 1 டாலர் 79 சென்ட். திருடுகிறாள் என்று கடைக்காரப் பெண் அவள் பையைப் பிடித்து இழுத்தார். கைகலப்பு. லடாஷா பாட்டிலைக் கல்லா மேல் வைத்துவிட்டுத் திரும்பி நடந்தாள். பின்மண்டையில் குண்டு பாய்ந்தது. எல்லாமே கடையின் கேமராவில் பதிவானது. அவள் கையில் 2 டாலர் இருந்தது.

ஜூரி குற்றவாளி என்றது. 16 ஆண்டுவரை சிறை கொடுத்திருக்கலாம். நீதிபதி கொடுத்தது நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 500 டாலர் அபராதம். ஒருநாள்கூட சிறைத் தண்டனை இல்லை. இந்த மூன்றையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வரும்.

நீங்கள் பார்த்த வீடியோவுக்கு இப்போது வருகிறேன். அதை நானும் பலமுறை பார்த்திருக்கிறேன். 1995 அக்டோபர் 3, லாஸ் ஏஞ்சலஸில் காலை 10 மணி. தீர்ப்பை வாசிக்கும் நீதிமன்ற எழுத்தர், ‘ஒரெந்தால் ஜேம்ஸ் சிம்சன்’ என்ற முழுப் பெயரில் நாக்கு தடுமாறுகிறார். ‘குற்றவாளி அல்ல’ என்றதும் சிம்சன் பெருமூச்சு விடுகிறார். செத்துப்போன ரான் கோல்ட்மனின் தங்கை அடக்கமாட்டாமல் அழுகிறாள். அதே நிமிடம் ஹோவர்ட் பல்கலைக்கழகத்தில், கறுப்பின மாணவர்கள் வழிவழியாகப் படித்து வருகிற அந்த இடத்தில், சட்ட மாணவர்கள் எகிறிக் குதிக்கிறார்கள். வேறு இடங்களில் வெள்ளை முகங்கள் வாயைப் பொத்திக்கொண்டு உறைந்து நிற்கின்றன.

சட்டம் படிக்கிற பிள்ளைகள் ஒரு கொலை வழக்குத் தீர்ப்புக்கு ஏன் குதிக்க வேண்டும்? சிம்சன் அவர்களுக்கு என்ன செய்தார்? ஒன்றும் செய்யவில்லை. அமெரிக்கக் கால்பந்தில் 1973ல் ஒரே பருவத்தில் 2003 கெஜம் ஓடிச் சாதனை படைத்தவர், வாடகைக் கார் விளம்பரத்தில் விமான நிலையத்துக்குள் ஓடியவர், பணக்கார வெள்ளையர் வாழும் பிரென்ட்வுட்டில் மாளிகை வாங்கிக்கொண்டவர். 1968ல் கறுப்பின வீரர்கள் ஒலிம்பிக்ஸைப் புறக்கணிக்க அழைத்தபோது ஒதுங்கிக்கொண்டவர். அவருக்காக உயிரை விடுகிற பாசம் யாருக்கும் இருந்ததாக எனக்குத் தெரியவில்லை.

அவருக்குப் பக்கத்தில் நின்ற வக்கீலைப் பாருங்கள். ஜானி காக்ரன். 1966ல் லியோனார்ட் டெட்வைலர் என்ற கறுப்பர், கர்ப்பிணி மனைவியைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு விரைந்தார். அவசரம் என்று காட்ட காரின் ஆண்டெனாவில் ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தார். போலீஸ் துரத்திப் பிடித்து நிறுத்தியது. ஜன்னல் வழியே நீண்ட துப்பாக்கி வெடித்து, மனைவியின் கண்ணெதிரே செத்தார். தற்செயலாக வெடித்தது என்று போலீஸ் சொன்னது, யாருக்கும் தண்டனை இல்லை. அந்த மனைவிக்காக வாதாடிய இளம் வக்கீல் காக்ரன்தான். அதன்பிறகு 30 வருடம் அதே போலீஸோடு மல்லுக்கட்டியவர். லாஸ் ஏஞ்சலஸின் கறுப்பர் குடும்பங்களுக்கு, கதவைத் தட்டினால் திறக்கிற வக்கீல். அவர் ஒருநாள், உலகமே பார்க்க, அந்தப் போலீஸைத் தோற்கடித்தார். கைதட்டலில் பெரும்பங்கு அதற்குத்தான் என்பது என் தீர்மானமான கருத்து.

அவர் தோற்கடிக்கும்படி வழக்கை விட்டுக்கொடுத்தது யார்? சிம்சன் வீட்டில் இரத்தம் தோய்ந்த கையுறையைக் கண்டெடுத்ததாகச் சொன்ன துப்பறிவாளர் மார்க் ஃபர்மன். கறுப்பர்களை இழிவுபடுத்தும் அந்தச் சொல்லைப் பத்து வருடமாக வாயில்கூட எடுத்ததில்லை என்று சத்தியம் செய்து சாட்சி சொன்னார். பிறகு ஒலிநாடாக்கள் வெளிவந்தன. ஒரு திரைக்கதை எழுத்தாளரிடம் பேசிப் பதிவானவை. அதில் அந்தச் சொல் 40 தடவைக்கு மேல் வருகிறது. ஆட்களை அடித்ததையும் கதை கதையாகச் சொல்லியிருக்கிறார். ஜூரி கேட்க அனுமதிக்கப்பட்டது அதில் இரண்டே இரண்டு துணுக்குகள். ‘இந்த வழக்கில் நீங்கள் ஏதாவது தடயத்தை ஜோடித்தீர்களா?’ என்று ஜூரி இல்லாத நேரத்தில் சிம்சனின் வக்கீல் கேட்டார். ஃபர்மன் பதில் சொல்ல மறுக்கும் உரிமையைப் பயன்படுத்திக்கொண்டார். இல்லை என்று ஒரு வார்த்தை வரவில்லை. பிற்பாடு பொய்ச்சாட்சி வழக்கில் அவருக்குக் கிடைத்தது மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும் 200 டாலர் அபராதமும்.

இன்னொரு துப்பறிவாளர், சிம்சனிடம் எடுத்த இரத்த மாதிரிக் குப்பியை ஆய்வகத்தில் ஒப்படைக்காமல் கையோடு எடுத்துக்கொண்டு சிம்சன் வீட்டுக்கே போனார். தடயம் தேடுகிற இடத்துக்கு! அரசு வக்கீல் அந்தக் கையுறையை சிம்சனைப் போட்டுப் பார்க்கச் சொன்னார், உள்ளே ஒரு ரப்பர் கையுறை வேறு. அது இழுத்தும் ஏறாமல் நின்றதை ஊரே பார்த்தது. இப்படி நடத்திய வழக்கில் ‘சந்தேகம் இருக்கிறது’ என்று ஜூரி சொன்னால் அதற்கு இனப்பாசம் என்று பெயர் வைக்க என்னால் முடியாது.

உங்களுக்குச் சாதகமான ஒன்றையும் மறைக்கக் கூடாது. தீர்ப்பு முடிந்து வெளியேறும்போது ஒரு ஜூரர், கறுப்பர் எழுச்சியின் அடையாளமாக, முஷ்டியை உயர்த்தினார். பல வருடம் கழித்து ஒரு ஆவணப்படத்தில் இன்னொரு ஜூரர், ராட்னி கிங்குக்கான பழிதீர்ப்பு என்ற எண்ணம் தங்களில் பெரும்பாலானவர்களுக்கு இருந்தது என்று சொன்னார். வேறு ஜூரர்கள் அதை மறுத்தார்கள். அந்த எண்ணம் சிலருக்கு இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைக்கிறேன். அது தவறு. ஒரு ஊரின் அநியாயத்துக்கான பதிலை, அதில் சம்பந்தமே இல்லாத இரண்டு குடும்பங்களின் தலையில் இறக்கக் கூடாது.

கொலையைச் செய்தது யார் என்று நான் நினைக்கிறேன் என்று கேட்டால், 1997ல் சிவில் வழக்கின் ஜூரி சொன்னதையே சொல்வேன். இரண்டு மரணங்களுக்கும் சிம்சன்தான் பொறுப்பு என்று முடிவு செய்து 3.35 கோடி டாலர் கொடுக்கச் சொன்னார்கள். 2015ல் எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் கறுப்பர்களிலும் 57 சதவீதம் பேர் அவர் செய்திருப்பார் என்றே சொன்னார்கள், வெள்ளையரில் 83. 20 வருடத்தில் இடைவெளி இவ்வளவு சுருங்கிவிட்டது. கைதட்டியவர்களுக்கு அவர் ஒருநாளும் உத்தமராக இருந்ததில்லை என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

எனக்கு அந்தக் கைதட்டலின் மேல் வருத்தம் உண்டு. ஆனால் அது நீங்கள் சொல்லும் காரணத்தால் வந்ததல்ல. கைதட்டியவர்கள் போலீஸைப் பார்த்தார்கள், கொதித்தவர்கள் ஜூரியின் நிறத்தைப் பார்த்தார்கள். நிக்கோல் பிரவுன் சிம்சன் இரண்டு கூட்டத்தின் கண்ணிலும் படவில்லை.

1989 புத்தாண்டு அதிகாலை. போலீஸ் கார் வந்து நின்றதும் புதருக்குள்ளிருந்து நிக்கோல் ஓடி வந்தார். முகம் வீங்கியிருந்தது. என்னைக் கொன்றுவிடுவார் என்று அலறினார். எட்டுத் தடவை வந்திருக்கிறீர்கள், அவரோடு பேசிவிட்டுப் போய்விடுகிறீர்கள், ஒன்றுமே செய்வதில்லை என்று அந்தப் போலீஸ்காரரிடம் சொன்னார். இதே லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ்தான். ராட்னி கிங்கை விடாமல் அடித்த போலீஸுக்கு, மனைவியை அடித்த நட்சத்திரத்தை விலங்கு மாட்டி அழைத்துப்போகக் கை வரவில்லை. அந்த வழக்கில் சிம்சன் குற்றச்சாட்டை எதிர்த்து வாதாடவில்லை. நீதிமன்றம் கொடுத்தது நன்னடத்தைக் கண்காணிப்பு, சமூக சேவை, அபராதம். லடாஷாவைச் சுட்டவருக்குக் கிடைத்த அதே மூன்று.

1993 அக்டோபரில் நிக்கோல் மறுபடி அவசர எண்ணுக்குப் போன் போட்டார். பின்னால் சிம்சன் கத்துகிற சத்தம் பதிவில் தெளிவாகக் கேட்கிறது. யார் என்று கேட்கிறார் எதிர்முனையில் இருப்பவர். ஓ.ஜே. சிம்சன், அவருடைய ரெக்கார்டு உங்களுக்குத் தெரிந்திருக்குமே என்கிறார் நிக்கோல். குரல் உடைகிறது. அதற்கு எட்டு மாதம் கழித்து, 1994 ஜூன் 12 அன்று இரவு, வீட்டு வாசலில் கொல்லப்பட்டார். கூடவே கொல்லப்பட்ட ரான் கோல்ட்மன், உணவகத்தில் வேலை பார்த்த 25 வயது இளைஞன், நிக்கோலின் தாய் அந்த உணவகத்தில் மறந்துவிட்டுப் போன மூக்குக் கண்ணாடியைக் கொடுக்க வந்தவன்.

கொலைக்குப் பிறகு நிக்கோலின் வங்கி லாக்கரை டிரில் போட்டுத் திறந்தார்கள். அடிபட்டு வீங்கிய தன் முகத்தைப் படமெடுத்து அதற்குள் வைத்திருந்தார். கூடவே மன்னிப்புக் கேட்டு சிம்சன் எழுதிய கடிதங்களும், நிக்கோலின் உயிலும் இருந்தன.