அண்ணைக்குப் பிழை சொல்வது எப்படி?

விசுவமடுப் பக்கமிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். வயது 31, தனியார் நெல் கொள்வனவு நிலையமொன்றில் பொறுப்பாளராகி நாலு மாதம். அங்கே நெல்லைப் பார்த்து இறக்குபவர் 54 வயது அண்ணை ஒருவர். நெல்லின் ஈரத்தை அளக்கிற மீற்றர், ஈரமானி, இருந்தும் தொடமாட்டார், இரண்டு நெல்லைப் பல்லால் கடித்துவிட்டு "காய்ஞ்சிட்டுது, இறக்கு" என்பார். போன கிழமை 16 மூடை உள்ளே கிடந்து சூடேறி நிறம் மாறியதில் மில்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். ஆத்திரத்தில் வாசகி மூடை தூக்கும் பெடியளுக்கு முன்னாலேயே அண்ணையைப் பேசிவிட்டார். இவ்வளவு நாளும் "பிள்ளை" என்று கூப்பிட்டவர் இப்போது "ஓம் மிஸ்", "சரி மிஸ்" என்கிறாராம். 2009இல் இவருடைய தம்பியைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்த மனுசன் அவர். "இனி எந்த முகத்தோடு அவருக்குப் பிழை சொல்வேன்?" என்பதுதான் கேள்வி.

நெல் விசயத்தில் நீங்கள் சொன்னது சரி. மெசினால் வெட்டி அப்படியே ஏற்றிவரும் நெல்லில் ஈரம் 20 வீதத்துக்கு மேலேயும் இருக்கும், 14க்கு இறங்காமல் அடுக்கினால் சூடேறும், பூஞ்சணம் பிடிக்கும். கடித்துப் பார்க்கிற கைப்பழக்கம் மோசமில்லை, ஆனால் 14க்கும் 16க்கும் உள்ள வித்தியாசத்தைப் பல் சொல்லாது. பிழைத்தது நீங்கள் சொன்ன இடம்தான். அவர் தன் கீழ் வேலை பழக்கிய பெடியள் பார்த்துக்கொண்டு நிற்கும்போது அவருக்குக் கேட்டது நெல்லைப் பற்றிய பேச்சே இல்லை, "உனக்கு வேலை தெரியாது" என்பதுதான்.

1996இல் குளுகர், டெனிசி என்ற இரண்டு ஆய்வாளர்கள் வேலையைப் பற்றிக் குறைநிறை சொல்வது குறித்த பழைய ஆய்வுகளையெல்லாம் சேர்த்து, 600க்கு மேற்பட்ட ஒப்பீடுகளைப் பார்த்தார்கள். குறைநிறை சொன்ன பிறகு வேலை சராசரியாக முன்னேறியிருந்தது, ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட ஒப்பீடுகளில் முன்பைவிடக் கெட்டுப்போயிருந்தது. கேட்பவரின் கவனம் வேலையிலிருந்து விலகி "நான் எப்படிப்பட்டவன்" என்ற பக்கம் போனால் பலன் குறைகிறது என்பது அவர்கள் சொன்ன விளக்கம். உங்கள் அண்ணையின் கவனம் இப்போது முழுக்க அங்கேதான் நிற்கிறது, அந்த "மிஸ்" அதைத்தான் காட்டுகிறது.

ஆகவே முதலில் மன்னிப்பு. பெடியளுக்கு முன்னால் பேசியதற்கு மட்டும்தான், ஈரமானியைப் பற்றிச் சொன்னதற்கு இல்லை. இரண்டையும் ஒன்றாகக் குழைத்து "எல்லாம் என்ர பிழை அண்ணை" என்று முடித்துவிட்டால் அடுத்த லோட்டும் சூடேறும். காலையில் நெல் ஏற்றின முதல் லான்ட்மாஸ்ரர் வரமுன்னம், தேத்தண்ணி நேரத்தில், தனியாக, நீங்களும் ஒரு கதிரையில் இருந்துகொண்டு இப்படிச் சொல்லலாம்:

"அண்ணை, அண்டைக்கு ஆக்களுக்கு முன்னால நான் பேசினது பிழை. அதுக்கு மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஆனா ஒரு விசயம் கதைக்கவேணும். செவ்வாய்க்கிழமை வந்த லோட்டை மீற்றர் வைக்காம இறக்கினது, 16 மூடை திரும்பி வந்திட்டுது. நீங்கள் என்ன நினைக்கிறியள்?"

எந்த நாள், என்ன நடந்தது, அதால் என்ன ஆனது, இவ்வளவுதான். "நீங்கள் எப்பவும் இப்படித்தான்" என்ற சொல் வாயில் வரவே கூடாது, எப்பவும் என்றால் 30 வருச வேலையையும் சேர்த்துத்தான் அவர் கேட்பார். "நீங்கள் எவ்வளவு அனுபவசாலி, ஆனால்..." என்று தொடங்கவும் வேண்டாம். புகழ்ச்சிக்கு நடுவே குறையை வைத்துச் சொல்லச் சொல்லிப் பயிற்சிகளில் பழக்குவார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. எங்கட ஆட்கள் புகழ்ச்சி தொடங்கின உடனேயே அந்த "ஆனால்" எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டு இருப்பார்கள்.

கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். இதுதான் கடினம், நாலைந்து நொடி மௌனத்தையே தாங்காமல் நாங்களே பதிலையும் சொல்லிவிடுவோம். அவர் சொல்வதில் நீங்கள் நினைத்தே பார்க்காத காரணம் இருக்கலாம். மீற்றரில் பற்றரி இல்லாமல் இருக்கலாம், சின்ன எழுத்து அவர் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம், அதைப் பெடியளுக்கு முன்னால் சொல்ல வெட்கமாகவும் இருக்கலாம். வரிசையில் நிற்கிற விவசாயி ஊர்க்காரராக இருந்து, மீற்றர் 16 வீதம் காட்டினால் திருப்பி அனுப்புவது யார் என்ற சங்கடமும் இருக்கும். அது கடைசிக் காரணமென்றால் திருப்பி அனுப்பும் பொறுப்பை நீங்கள் எடுங்கள், அவர் இலக்கத்தை மட்டும் கொப்பியில் எழுதட்டும்.

சாடைமாடையாகச் சொல்வது, அவருடைய மனுசி மூலம் சொல்லிவிடுவது, வைபர் குழுவில் "எல்லாரும் கவனிக்கவும்" என்று போடுவது, இது ஒன்றும் வேண்டாம். மரியாதை என்று நினைத்துத்தான் செய்கிறோம், ஆனால் ஊர் முழுக்கத் தெரிந்த பிறகு கடைசியாகத் தெரியவந்தால் யாருக்கும் நோகும். அதோடு, வன்னியில் வேலைத்தலமும் ஊரும் ஒன்றுதான், நாளைக்குச் செத்தவீட்டிலும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலிலும் அவரைத்தான் பார்ப்பீர்கள்.

அந்தத் தம்பியின் விசயத்தை இந்தப் பேச்சுக்குள் கொண்டுவராதீர்கள். அந்தக் கடன் பெரியது, அதை ஈரமானிக்குப் பக்கத்தில் வைத்தால் அவர் செய்தது சின்னதாகிவிடும்.

கதைத்து இரண்டு கிழமையில் கொப்பியை அவரோடு சேர்ந்து பாருங்கள். இலக்கங்கள் இருந்தால் "வடிவா எழுதியிருக்கிறியள் அண்ணை" என்று சொல்லுங்கள், அதைப் பெடியளுக்கு முன்னால் சொல்லலாம். இல்லையென்றால் திரும்பவும் தனியாக, இந்த முறை முதலாளிக்கும் சொல்லவேண்டி வரும் என்பதை முன்கூட்டியே அவரிடம் சொல்லிவிட்டு. "மிஸ்" இன்னும் கொஞ்ச நாளைக்கு இருக்கும், அதை மாற்றச் சொல்லிக் கேட்காதீர்கள். இப்போதைக்கு மீற்றரில் பற்றரி இருக்கிறதா என்று நாளைக் காலையே பாருங்கள்.