பார்சல் நிற்பது கஸ்டம்ஸிலா, ஏஜென்ட்டின் வாயிலா?

கேள்வி: என் எலக்ட்ரிக் கிடாருக்கு மேப்பிள் மர நெக் (கழுத்து), மேலே ஈட்டி மர (ரோஸ்வுட்) ஃப்ரெட்போர்டு (விரல் பதிக்கும் பலகை) என்று அளவு கொடுத்து, ஒரு ஏஜென்ட் மூலம் அமெரிக்காவில் ஆர்டர் செய்தேன். முழுப் பணமும் கொடுத்தாகிவிட்டது. நான்கு மாதம் கழித்து, ‘ஈட்டிக்குத் தடை, கஸ்டம்ஸில் மாட்டிக்கொண்டது, இன்னும் எட்டாயிரம் கொடுத்தால் எடுத்துவிடலாம்’ என்கிறார். கொடுக்கலாமா? (வாசகர், கோத்தகிரி)

பதில்: கொடுக்காதீர்கள். முதலில் ட்ராக்கிங் எண்ணைக் கேளுங்கள்.

நாட்டுக்குள் வந்த பார்சலுக்கு எண் இல்லாமல் இருக்காது. தபாலில் வந்தால் முதலில் இரண்டு ஆங்கில எழுத்து, நடுவில் ஒன்பது இலக்கம், கடைசியில் அனுப்பிய நாட்டின் இரண்டு எழுத்து. இந்தியத் தபால் துறையின் தளத்தில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். கூரியரில் உங்கள் பெயருக்கு வந்திருந்தால், ஆதார் மாதிரி ஓர் அடையாளச் சான்றை உங்களிடமே கேட்டிருப்பார்கள். யாரும் கேட்கவில்லை என்றால், பார்சல் ஏஜென்ட் பெயரில் வருகிறது, அல்லது நெக் இன்னும் பட்டறையை விட்டே கிளம்பவில்லை.

எனக்கு இரண்டாவதுதான் தோன்றுகிறது. சொல்லிச் செய்யும் நெக்குக்கு மாதக்கணக்கில் ஆவது புதிதல்ல. வரிசை வரவேண்டும், மரம் அறுக்க வேண்டும், பூச்சு காய வேண்டும். அது நியாயமான தாமதம். நாலைந்து பேர் பணம் சேரும்வரை ஆர்டரே போடாமல் வைத்திருக்கும் ஏஜென்ட்டுகள் உண்டு, அதுதான் அநியாயம். அதுவரை உங்கள் பணம் அவருக்கு வட்டியில்லாக் கடன். அதனால் தயாரிப்பாளர் அனுப்பிய ஆர்டர் உறுதிச் சீட்டைக் கேளுங்கள். அதில் தேதியும், நீங்கள் சொன்ன ஸ்கேல் நீளமும் (அதிரும் தந்தியின் நீளம்), நட் அகலமும் (நெக்கின் மேல்முனையில் தந்திகள் தாங்கும் துண்டின் அகலம்) இருக்க வேண்டும். ‘வாட்ஸ்அப்பில் இருக்கிறது, அப்புறம் அனுப்புகிறேன்’ என்றால் புரிந்துகொள்ளுங்கள்.

ஈட்டிக் கதைக்கு வருவோம். அதில் பாதிதான் உண்மை. 2017 ஜனவரியில் ஈட்டி இனம் முழுவதையும் சைட்டிஸ் (அழியும் ஆபத்துள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) பட்டியலில் சேர்த்தார்கள், கிடார்களும் மாட்டிக்கொண்டன. முழுதாகச் செய்து முடிந்த இசைக்கருவிகளுக்கும், முடிந்த பாகங்களுக்கும் 2019 நவம்பரில் விலக்கு கொடுத்துவிட்டார்கள். முடிந்த பாகம் என்பதுதான் முக்கியம். ஃப்ரெட்போர்டு ஒட்டி, ஃப்ரெட் கம்பிகளை அடித்து, அப்படியே மாட்டும்படி வரும் நெக் முடிந்த பாகம். அதே மரம் வெறும் பலகையாக வந்தால் விலக்கு இல்லை, அனுமதிச் சீட்டு வேண்டும். பில்லில் வெறுமனே ‘ரோஸ்வுட்’ என்று எழுதி அனுப்பினால், கவுன்டரில் இருப்பவர் பலகையா நெக்கா என்று பெட்டியைத் திறந்து பார்க்கமாட்டார், ஓரமாக வைத்துவிடுவார். ‘முடிந்த கிடார் நெக்’ என்றும், மரத்தின் தாவரவியல் பெயரையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். விலக்கு வந்து இத்தனை வருஷமாகியும் இதை வாங்குகிறவர்தான் சொல்லித்தர வேண்டியிருக்கிறது!

‘அது கிடக்கட்டும், கூடலூர் ஈட்டிப் பலகை இருக்கிறது, இங்கேயே செய்துவிடலாம்’ என்று அடுத்த தூண்டில் வரும். வனத்துறைச் சீட்டு இல்லாத ஈட்டியைத் தொடாதீர்கள். செக்போஸ்ட்டில் நிற்கப்போவது நீங்கள், ஏஜென்ட் அல்ல.

வரி உண்மையிலேயே உண்டு. பொருளின் விலையோடு அனுப்பும் செலவையும் காப்பீட்டையும் கூட்டி, அதன்மேல் சுங்கவரி, இரண்டையும் சேர்த்து அதன்மேல் ஜிஎஸ்டி. ஆனால் அதற்குக் கணக்குக் காகிதம் வரும். தனியாள் போன் நம்பருக்கு ஜிபே செய்யச் சொல்லும் ‘கஸ்டம்ஸ் அதிகாரி’ திருடன். துறையிலிருந்து வரும் கடிதத்தில் ‘டின்’ என்று ஓர் ஆவண எண் இருக்கும். அதை மறைமுக வரி வாரியத்தின் தளத்தில் சரிபார்க்கலாம்.

இனி ஆர்டர் செய்தால் தபாலிலேயே அனுப்பச் சொல்லுங்கள். சில கூரியர் தளங்கள், உங்கள் பின்கோடு 643217 என்று போட்டால் ‘சேவை உண்டு’ என்று காட்டும். பார்சல் மேட்டுப்பாளையத்தோடு நின்றுவிடும். ‘வீடு பூட்டியிருந்தது’ என்று குறுஞ்செய்தி மட்டும் மலையேறி வரும். ஐப்பசி, கார்த்திகையில் பாதையில் மண் சரிந்தால் யாரையும் குறை சொல்ல முடியாது.

நெக் வந்ததும் பெட்டியைத் திறப்பதை வீடியோ எடுங்கள். ஓரிரு நாள் அறையிலேயே கிடக்கட்டும்; ஈரம் என்று ஹீட்டர் பக்கத்தில் வைக்காதீர்கள், வளைந்துவிடும். உங்கள் கிடாரின் பாடி (உடல்) ஃபெண்டர் கம்பெனி வகை என்றால் நெக்கின் அடிப்பாகம் ஏறக்குறைய 56 மி.மீ. இருக்க வேண்டும். துளை போடுவதற்கு முன்னால் அளந்துவிடுங்கள், துளை விழுந்ததைத் திரும்ப எடுக்கமாட்டார்கள்.