குண்டும் குழியுமான ஊருக்கு ஒரு எம்ஜிபி: சேமிப்பிலிருந்து எவ்வளவு எடுக்கலாம்?

கேள்வி: எனக்கு 51 வயது. இங்கிலாந்தில் கம்பிரியாவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்கிறேன். இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒருவரிடம் பச்சை நிற எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் கார் பார்த்தேன். அன்றிலிருந்து ஆசை. இப்போது இரண்டு கார்கள் பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று 1971 மாடல், குரோம் பம்பர், வியாபாரியிடம் 15,500 பவுண்டு. இன்னொன்று 1978 மாடல், கறுப்பு ரப்பர் பம்பர், உரிமையாளரே 8,500 பவுண்டுக்கு விற்கிறார். எங்கள் ஊர்ச் சாலைகள் படுமோசம் என்பதால், எதை வாங்கினாலும் பின்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன் கிட் (ஒவ்வொரு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு) போட்டு மேம்படுத்த நினைக்கிறேன். அதற்கு 4,000 பவுண்டு ஒதுக்கியிருக்கிறேன். கேஷ் ஐசாவில் (வட்டிக்கு வரி இல்லாத சேமிப்புக் கணக்கு) 31,000 பவுண்டு இருக்கிறது. கையில் வரும் சம்பளம் மாதம் 3,100, வீட்டுக் கடன் தவணை உட்பட செலவு 2,300. இரண்டு வருடத்தில் மகள் திருமணம், என் பங்கு 8,000. வியாபாரி 11 சதவீத வட்டியில் 5 வருடக் கடனும் தருகிறார். என்ன செய்யலாம்?

பதில்: முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். இந்த ஆசையை விட்டுவிடுங்கள் என்று நான் சொல்லப் போவதில்லை. இத்தனை வருடம் மனதில் வைத்திருந்து, கணக்கையும் எழுதி அனுப்பிவிட்டுக் கேட்கிறீர்கள். அவசரப்பட்டு வாங்குபவர் இப்படிச் செய்ய மாட்டார்.

உங்கள் 31,000 பவுண்டில் ஆறு மாதச் செலவு 13,800. அது வேலைக்கோ உடம்புக்கோ ஏதாவது ஆனால் குடும்பத்தைத் தாங்கும் பணம். அதில் கை வைக்காதீர்கள். திருமணத்துக்கு 8,000. அதையும் தள்ளி வையுங்கள். மீதி 9,200. காருக்கு உங்களிடம் இருப்பது இவ்வளவுதான்.

1971 கார் இந்தக் கணக்குக்குள் வராது. மிச்சம் 6,300 பவுண்டைக் கடனாக வாங்கினால் மாதம் ஏறத்தாழ 137 பவுண்டு கட்ட வேண்டும். ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் சுமார் 1,900 பவுண்டு. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெளியே எடுக்கும் ஒரு காருக்கு இது வேண்டாம்.

1978 காரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். உங்கள் கேள்விக்கான விடை பாதி அதற்குள்தான் இருக்கிறது. எம்ஜிபி 1962 முதல் 1980 வரை தயாரானது. 1974 கடைசியில் அமெரிக்காவின் பம்பர் விதிகளுக்காகக் கறுப்பு ரப்பர் பம்பர் வந்தது. அதோடு காரின் உயரத்தையும் சுமார் ஓர் அங்குலம் கூட்டினார்கள். முதலில் வந்த ரப்பர் பம்பர் கார்கள் வளைவில் சாய்ந்தன. 1977 மாடலில் முன்னும் பின்னும் ஆன்டி ரோல் பார் (சாய்வைக் குறைக்கும் இரும்புத் தண்டு) வைத்து அதைப் பெரிதும் சரிசெய்தார்கள். பழைய கார் பிரியர்களுக்கு அந்தப் பம்பரும் உயரமும் பிடிக்காது. விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இதுதான். ஆனால் பள்ளமும் மேடுமான சாலைக்கு அந்த உயரம்தானே வேண்டும்! மற்றவர்கள் குறை என்று கழிக்கும் விஷயம் உங்கள் ஊருக்கு வசதி. இதே மாடலைத் தாழ்த்தி, குரோம் பம்பர் மாட்டி அதிக விலைக்கு விற்பவர்களும் உண்டு. அப்படிப்பட்ட காரை எடுக்காதீர்கள். நண்பர் ஒருவர் ஆசைப்பட்டுத் தன் காரைத் தாழ்த்தினார். கிராமத்துச் சாலையில் எக்ஸாஸ்ட் குழாய் தட்டித் தட்டி, ஒரே வருடத்தில் மறுபடியும் உயர்த்த வேண்டியதாயிற்று. இரண்டு முறை கூலி கொடுத்தார்.

அப்புறம் அந்த 4,000 பவுண்டு கிட். வேண்டாம் என்பது என் திடமான கருத்து. 40 வயது தாண்டிய கார்களுக்குப் பிரிட்டனில் சாலை வரி கிடையாது (ஆனாலும் வருடா வருடம் பதிவு செய்ய வேண்டும்). கடந்த 30 வருடத்துக்குள் பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் இருந்தால் எம்.ஓ.டி என்ற வருடாந்தர வாகனத் தகுதிச் சோதனையும் கட்டாயமில்லை. சஸ்பென்ஷனின் வகையையே மாற்றுவது அந்தப் பெரிய மாற்றங்களில் ஒன்றாக எண்ணப்படலாம். இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் சொல்லியாக வேண்டும். விற்கும்போது அந்த 4,000 திரும்பி வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். வாங்க வருபவர் பெரும்பாலும் பழைய அமைப்பைத்தான் தேடுவார்.

எம்ஜிபி தூக்கித் தூக்கிப் போடுகிறது என்றால், பல சமயம் வடிவமைப்பு காரணமாக இருக்காது. நாற்பது வருடத் தேய்மானம்தான் காரணம். முன்பக்கம் நெம்புகோல் வகை ஷாக் அப்சார்பர், உள்ளே எண்ணெய். எண்ணெய் கசிந்துவிட்டால் சக்கரம் தாறுமாறாகக் குதிக்கும். பின்பக்கம் பட்டை ஸ்பிரிங். காலப்போக்கில் அது தொய்ந்து, சின்னப் பள்ளத்துக்கே அச்சு மேலே இடிக்கும். இணைப்புகளில் அதிர்வைத் தாங்கும் ரப்பர் புஷ்கள் காய்ந்து வெடித்திருக்கும். இதையெல்லாம் புதிதாக்க 1,500 பவுண்டு ஒதுக்குங்கள். புதுப்பித்த ஷாக் அப்சார்பர்கள், தரமான புதிய பட்டை ஸ்பிரிங், முன் விஷ்போனுக்கு (முன் சக்கரத்தைத் தாங்கும் கை) எம்ஜிபி வி8 காரில் போட்ட வகை ரப்பர் புஷ், இவை போதும். ரப்பரைவிடக் கடினமான பாலியுரித்தேன் புஷ்ஷைப் பலரும் சிபாரிசு செய்வார்கள். மொழுமொழுவென்ற சாலைக்கு நல்லது, உங்கள் சாலையில் அதிர்வு முதுகுக்கு வரும். டயரும் சுவர் உயரமான பழைய அளவிலேயே இருக்கட்டும். அகலமான, தட்டையான டயர் பார்க்க அழகு, பள்ளத்தில் விழுந்தால் ரிம்மைக் காப்பாற்றாது. முன் சக்கரம் திரும்பும் அச்சாணிகளான கிங் பின்களுக்குத் தவறாமல் கிரீஸ் அடிப்பது செலவே இல்லாத மேம்பாடு.

உண்மையில் பயப்பட வேண்டியது சஸ்பென்ஷனுக்கு இல்லை, துருவுக்கு. இந்தக் காரில் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) கிடையாது. கதவுக்குக் கீழே ஓடும் 'சில்' என்ற பகுதிதான் முதுகெலும்பு. குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அதை உள்ளிருந்தே தின்றுவிடும். இரண்டு பக்கமும் வெட்டி ஒட்டுவது ஆயிரக்கணக்கில் இழுக்கும் வேலை. கார் ஜாக்கியில் நிற்கும்போது கதவைத் திறந்து மூடச் சொல்லுங்கள். கதவு உரசினால் வந்துவிடுங்கள், விலை குறைத்தாலும் வேண்டாம். சில் மீது காந்தத்தை வைத்துப் பாருங்கள். ஒட்டாத இடத்தில் இரும்புக்குப் பதில் ஃபில்லர் என்ற பூச்சுப் பசை இருக்கிறது. பின் ஸ்பிரிங் மாட்டியிருக்கும் இடங்களையும் பார்க்க வேண்டும். அங்கே துரு இருந்தால் புது ஸ்பிரிங் போட்டுப் பயனில்லை. தனியாரிடம் வாங்குவதால் பெரும்பாலும் பின்னால் போய்க் கேட்க முடியாது. எனவே எம்ஜி தெரிந்த மெக்கானிக் ஒருவருக்குப் பணம் கொடுத்துச் சோதித்துவிடுங்கள். எம்.ஓ.டி கட்டாயம் இல்லாவிட்டாலும் வருடத்துக்கு ஒருமுறை போடச் சொல்கிறேன். அதிகபட்சக் கட்டணம் 54.85 பவுண்டுதான், அடிப்பாகத்தை இன்னொரு கண் பார்த்துவிடும்.

சரி, பணத்தை எப்படி ஏற்பாடு செய்வது? இன்றே வாங்கினால் கார் போக 700 பவுண்டுதான் மிஞ்சும். எட்டு மாதம் பொறுங்கள். மாதம் மிஞ்சும் 800 பவுண்டில் 500 சேர்த்தால் 4,000 ஆகும். மொத்தம் 13,200. காருக்கு 8,500, முதல் வருடப் பழுதுகளுக்கு சஸ்பென்ஷனையும் சேர்த்து 3,000. மீதி 1,700 இன்ஷூரன்ஸுக்கும் எதிர்பாராத செலவுக்கும். இந்தக் குறிப்பிட்ட கார் அதற்குள் விற்றுப் போகலாம். போகட்டும். எம்ஜிபி ஐந்து லட்சத்துக்கும் மேல் தயாரான கார், அடுத்தது வரும்.

ஐசாவிலிருந்து எடுக்கும் முன் அது 'ஃபிளெக்ஸிபிள்' வகையா என்று வங்கியில் கேளுங்கள். அந்த வகை என்றால், அதே வரி ஆண்டுக்குள் திருப்பிப் போட்டால் உங்கள் வருட வரம்பு குறையாது. இதை முதலீடு என்று வீட்டில் சொல்லி அனுமதி வாங்காதீர்கள். காரை விற்று லாபம் வந்தால் பிரிட்டனில் மூலதன ஆதாய வரி இல்லை என்பது உண்மைதான். அதே விதிப்படி நஷ்டத்தையும் வேறு லாபத்தில் கழிக்க முடியாது.

இன்ஷூரன்ஸ் எடுக்கும்போது காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி முடிக்கும் 'ஒப்புக்கொண்ட மதிப்பு' என்ற வகையில் எடுங்கள். சாதாரண பாலிசியில் விபத்துக்குப் பிறகு சந்தை விலை என்ன என்ற வாக்குவாதம் வரும். சஸ்பென்ஷன் வேலை முடிந்ததும் ரசீதுகளையும் புகைப்படங்களையும் அனுப்பி மதிப்பைத் திருத்தச் சொல்லுங்கள். கழற்றிய பழைய ஷாக் அப்சார்பர்களை மெக்கானிக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். புதுப்பித்துத் தருபவர்கள் பழையதை வாங்கிக்கொண்டுதான் அந்த விலைக்குக் கொடுப்பார்கள்.