செப்பு ரவுண்டு வாங்கி வைக்கலாமா?

கேள்வி: வாலாஜாபேட்டையிலிருந்து எழுதுகிறேன். ராணிப்பேட்டையில் தோல் கம்பெனியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெரிக்காவில் இருக்கும் மாப்பிள்ளை போன முறை வந்தபோது ‘காப்பர் ரவுண்டு’ என்று செப்புக் காசு மாதிரி பத்து கொண்டுவந்து கொடுத்தார். பளபளவென்று அழகாக இருக்கின்றன. தங்கம் கைக்கு எட்டவில்லை, வெள்ளியும் ஏறிவிட்டது, அடுத்தது தாமிரம்தான் என்கிறார்கள். ஆன்லைனில் ஒன்று 450 ரூபாய் என்று போட்டிருக்கிறான். 50,000 ரூபாய்க்கு வாங்கிப் பேத்தி பெயரில் வைக்கலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. ஆசைக்குப் பத்து இருக்கிறதே, அது போதும்.

ரவுண்டு பார்க்கத்தான் காசு மாதிரி இருக்கும். அரசாங்கம் அடித்து, மதிப்பு பொறித்து வெளியிட்டால்தான் அது நாணயம். ரவுண்டைத் தனியார் நாணயச்சாலைகள் அடிக்கின்றன. கழுகு, மண்டையோடு, பழைய டாலரின் சாயல் என்று எதை வேண்டுமானாலும் பொறிப்பார்கள். எந்தக் கடையிலும் செல்லாது, எந்த வங்கியும் திரும்ப வாங்காது. எடையிலும் ஒரு சங்கதி உண்டு. தங்கம், வெள்ளியை அளக்கும் அவுன்ஸ் 31.1 கிராம். செப்பு ரவுண்டில் ‘ஒரு அவுன்ஸ்’ என்று போட்டிருந்தால் அது பெரும்பாலும் சாதாரண அவுன்ஸ், அதாவது 28.35 கிராம்.

இப்போது கணக்குக்கு வருவோம். தாமிரம் விலை தினமும் ஆடும். சுலபமாக இருக்கட்டும் என்று கிலோ 1,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு ரவுண்டில் இருக்கும் செம்பின் மதிப்பு 28 ரூபாய் சொச்சம். நீங்கள் கொடுப்பது 450. 50,000 ரூபாய்க்கு 111 ரவுண்டு வரும், மொத்த எடை 3 கிலோ 150 கிராம், அதிலுள்ள உலோகம் சுமார் 3,150 ரூபாய்க்கு. தாமிரம் இன்றிருப்பதைப் போல 16 மடங்கு ஏறினால்தான் போட்ட முதல் வரும். லாபத்தைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம். அமெரிக்காவிலேயே ஒரு ரவுண்டு 2 டாலர் அளவுக்கு விற்கிறது. கப்பல் கூலி, சுங்கம், விற்பவர் லாபம் எல்லாம் சேர்ந்துதான் இங்கே 450 ஆகிறது.

நான் பழங்காசு சேர்க்கிறவன், முப்பது வருஷப் பழக்கம். உங்கள் கடிதம் வந்த அன்று என்னிடம் இருந்த ஒரு ரவுண்டை எடுத்துக்கொண்டு வேலூர் லாங் பஜாரில் ஒரு பாத்திரக்கடைக்குப் போனேன். கடைக்காரர் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார். “இன்னா சார் இது, மெடலா?” என்றார். எலக்ட்ரானிக் தராசில் போட்டார், 28.3 காட்டியது. “செம்புன்னா எடைக்கு எடுத்துக்கறேன். பழைய குடத்துக்கு இன்னா ரேட்டோ அதான் இதுக்கும். படத்துக்கெல்லாம் காசு குடுக்க முடியாது சார்.” முதலீட்டு ஆலோசகர்கள் ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும் விஷயத்தை அவர் தராசை அணைப்பதற்குள் சொல்லி முடித்துவிட்டார்.

ரவுண்டை விடுங்கள், தாமிரமே ஏறப்போகிறதே என்பீர்கள். ஏறலாம். மின்சார வண்டி, சூரிய மின்சாரம் என்று எல்லாவற்றுக்கும் தாமிரம் வேண்டும்தான். ஆனால் அது தங்கத்தைப் போல ஏறி உட்கார்ந்துகொள்கிற சாதி இல்லை. லண்டன் சந்தையில் 2011-இல் டன் 10,000 டாலரைத் தாண்டியது. 2016 தொடக்கத்தில் 4,500-க்கும் கீழே விழுந்தது. பழைய உச்சத்தை மறுபடி தாண்ட 2021 ஆகிவிட்டது. உலகச் சுரங்கங்களிலிருந்து ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் தாமிரம் வருகிறது, தங்கம் மூவாயிரத்துச் சொச்சம் டன்தான். ஜிஎஸ்டியும் தங்கத்துக்கு 3 சதவீதம், தாமிரத்துக்கு 18. இடத்தையும் யோசியுங்கள். ஒரு லட்ச ரூபாய்த் தங்கம் மோதிரப் பெட்டிக்குள் அடங்கும். அதே பணத்துக்குச் செம்பு என்றால் 100 கிலோ, நான்கு அரிசி மூட்டை கனம். விற்கிற அன்று காயலான் கடைக்காரர் சந்தை விலையில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டுதான் கொடுப்பார்.

எம்சிஎக்ஸ் என்ற சரக்குச் சந்தையில் தாமிரம் வாங்கலாமே என்று யாராவது சொன்னால், அங்கே ஒரு லாட், அதாவது ஒரு தடவைக்குக் குறைந்த அளவு, 2,500 கிலோ என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மேலே போட்ட விலைக்கு 25 லட்ச ரூபாய்ச் சரக்கு. ஓய்வூதியக்காரர் விளையாடுகிற மைதானம் அல்ல. ஹிந்துஸ்தான் காப்பர் போன்ற பங்குகளும் இருக்கின்றன. ஆனால் அவை உலோகத்தோடு கம்பெனியின் தலையெழுத்தையும் சேர்த்து வாங்குவது.

சேகரிப்பாக வாங்கினால்? இதற்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும். சில ரவுண்டு வரிசைகளுக்கு அமெரிக்காவில் ரசிகர்கள் உண்டு, குறைந்த எண்ணிக்கையில் அடித்தவை கூடுதல் விலைக்குப் போகின்றன. அந்த ரசிகர்கள் ஆற்காட்டில் இல்லை. விற்க வேண்டிய நாளில் வாங்குகிறவன் பக்கத்தில் இல்லாத பொருள் எவ்வளவு அழகாக இருந்து என்ன?

பழசாக இருந்தாலே விலை என்பதும் பொய்தான். 1808-ஆம் ஆண்டு போட்ட 10 காசு, 20 காசு செப்பு நாணயங்களைக் கிழக்கிந்தியக் கம்பெனி இங்கிலாந்தில் அடித்து நம் சென்னைக்குக் கப்பல் ஏற்றியது. ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற அந்தக் கப்பல் 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையருகே குட்வின் மணல் திட்டில் மூழ்கிவிட்டது. 1980-களில் அதிலிருந்து லட்சக்கணக்கில் காசுகளை எடுத்தார்கள். 175 வருஷம் கடலுக்கடியில் கிடந்த காசு, கதையும் பிரமாதம். ஆனால் எண்ணிக்கை அதிகம் என்பதால் இன்றும் அதில் சாதாரணமானவை எளிய விலைக்கே கிடைக்கின்றன. 1835 கம்பெனிக் காலணாவும், 1943-லிருந்து வந்த ஓட்டைக் காலணாவும் அப்படித்தான். வீட்டுக்கு வீடு டப்பாவில் கிடக்கின்றன.

செம்பு என்றாலே இந்தப் பக்கம் இன்னொரு கூட்டம் வந்துவிடும். ‘அரிசியை இழுக்கும் காசு’, ‘இரிடியம் கலசம்’ என்று கோடிக்கணக்கில் பேசுவார்கள். அரிசியில் இரும்புத்தூளைச் சேர்த்து, காசுக்கு அடியில் காந்தத்தை வைத்துக் காட்டும் வித்தை அது. செம்பு காந்தத்துக்கே அசையாது, அரிசிக்கா அசையும்? அனுமார் படமும் ‘1818 கிழக்கிந்தியக் கம்பெனி’ என்ற எழுத்தும் உள்ள காசுகளும் போலிதான். கம்பெனி அப்படி எதையும் அடிக்கவே இல்லை. பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முன்பணம் கட்டுங்கள் என்கிறவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. ரவுண்டிலும் ஒரு ஏமாற்று உண்டு. செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசி, சுத்த வெள்ளி என்று காட்டும் ‘999’ முத்திரையைப் பெரிதாகவும் ‘முலாம்’ என்பதைக் கண்ணுக்குத் தெரியாமலும் போட்டு விற்பார்கள். ஸ்ரீபுரத்துப் பொற்கோயிலிலும் தங்கத்துக்கு அடியில் இருப்பது செப்புத் தகடுதான், ஆனால் அங்கே அதை யாரும் மறைக்கவில்லை.

உங்கள் கையில் 450 ரூபாயும் காசு சேர்க்கும் ஆசையும் இருந்தால் உங்கள் ஊர்க் காசையே தேடுங்கள் என்பேன். ஆற்காட்டு நவாப் முகமது அலி வாலாஜா வெளியிட்ட சின்னச் செப்புக் காசுகளில் பாரசீக எழுத்தில் ‘வாலாஜா’ என்றே இருக்கும். உங்கள் ஊருக்குப் பெயர் கொடுத்தவர். தேய்ந்த நிலையில் உள்ளவை சில நூறு ரூபாய்க்கே நம்பகமான பழங்காசு வியாபாரிகளிடம் கிடைக்கும். அதுவும் பேத்தியின் கல்யாணச் செலவுக்கு ஆகாது. ஆனால் அவள் கையில் வைத்துப் பார்த்தால் கேட்பதற்குக் கேள்வி இருக்கும். வாங்குமுன் வேலூர் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்துக்கு அவளைக் கூட்டிக்கொண்டு போய் வாருங்கள். நிஜக் காசு எப்படித் தேய்ந்திருக்கும் என்று கண் பழகும்.

கையில் இருக்கும் பத்தையும் விளிம்பைப் பிடித்தே எடுங்கள், வியர்வை பட்ட இடம் விரல் ரேகையோடு கறுத்துவிடும். மலிவான பிவிசி உறையில் போட்டால் நாளடைவில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பைக் கண்டதும் குடம் துலக்குகிற ஞாபகத்தில் புளியை எடுத்துவிடாதீர்கள். பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்தபோது எனக்குக் கிடைத்த முதல் வாலாஜா காசை நான் அப்படித்தான் புளி போட்டுத் தேய்த்தேன். பளிச்சென்று வந்தது. இருநூறு வருஷத்துப் பழுப்பு நிறமும் பாதி எழுத்தும் புளித்தண்ணீரோடு போய்விட்டன. இன்னும் வைத்திருக்கிறேன், இலவசமாகக் கொடுத்தாலும் யாரும் வாங்கமாட்டார்கள்.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை. நிலத்தில் பள்ளம் தோண்டும்போது பழங்காசு கிடைத்தால் 1878-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட காசு 1972 சட்டத்தில் தொல்பொருள் கணக்கில் வரும், அதை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தடை. மாப்பிள்ளை அடுத்த முறை வரும்போது ஆசைப்பட்டால் ரவுண்டைத் திருப்பிக் கொடுத்தனுப்பலாம், வாலாஜா காசைக் கொடுத்தனுப்பக்கூடாது.