இசபெல்லா நம்மில் ஒருத்தி – வாசகர் கடிதமும் பதிலும்

வணக்கம் மேடம்,

எமிலி பிராண்டியின் 'வூதரிங் ஹைட்ஸ்' நாவலைக் கட்டாயம் படிக்கச் சொல்லி எழுதியிருந்தீர்கள். படித்து முடித்தேன். இரண்டு நாளாக மனசே சரியில்லை. இதைப் போய் எப்படிக் காதல் கதை என்கிறார்கள்? ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடும் இரவிலேயே அவளுடைய நாய்க்குட்டியைத் தூக்கில் மாட்டுகிறான் நாயகன் ஹீத்கிளிஃப்.

என் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. போனில் ஆன்ட்டி ஹீரோ கதைகளாகப் படித்துத் தள்ளுகிறாள். கடத்துகிறான், மிரட்டித் தாலி கட்டுகிறான், கை நீட்டுகிறான், கடைசி எபியில் (எபிசோடில்) அழுகிறான், அவளும் மன்னித்துவிடுகிறாள். ஏன்டி இதைப் படிக்கிறாய் என்றால், "நீங்க படிக்கிற கிளாசிக்ல மட்டும் என்ன வாழுதாம்?" என்று திருப்பிக் கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? இப்படி ஒரு ஆளை எழுதத்தான் வேண்டுமா?

அன்புடன்,
ஒரு வாசகி, தென்காசி

*

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை எமிலியின் சொந்த அக்காவே கேட்டிருக்கிறார். நாவல் 1847 டிசம்பரில் எல்லிஸ் பெல் என்ற புனைபெயரில் வந்தது. அடுத்த டிசம்பரில் எமிலி போய்ச் சேர்ந்துவிட்டார், வயது 30. 1850இல் மறுபதிப்புக்கு முன்னுரை எழுதிய அந்த அக்கா ஷார்லட், ஹீத்கிளிஃப் போன்றவர்களைப் படைப்பது சரிதானா என்று தெரியவில்லை, சரியென்று தோன்றவில்லை என்கிறார். தங்கையின் மேல் உயிரையே வைத்திருந்தவருக்கே இந்த ஆளைத் தாங்க முடியவில்லை. நான் ஷார்லட் பக்கம் இல்லை. எழுதத்தான் வேண்டும். எமிலி எழுதியதுபோல எழுத வேண்டும்.

உங்கள் மகள் படிக்கும் கதைகளின் முடிச்சு இந்த நாவலிலும் இருக்கிறது. தான் காதலித்த கேதரினை மணமுடித்துப் பறித்துக்கொண்ட லிண்டன் குடும்பத்தைப் பழிவாங்க, அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டுகிறான் ஹீத்கிளிஃப். அவள்தான் இசபெல்லா. 18 வயது, செல்லமாக வளர்ந்தவள். மூன்று வருடம் எங்கோ போய்ப் பணத்தோடு திரும்பி வந்தவனைப் பார்த்ததும் மனதைக் கொடுத்துவிடுகிறாள். அவன் முரடன், இரக்கமில்லாதவன், உன்னைக் குருவி முட்டைபோல நசுக்கிவிடுவான் என்று எச்சரிப்பது வேறு யாருமில்லை, அவனை உயிராக நினைக்கும் கேதரின். இசபெல்லா கேட்கவில்லை. பொறாமையில் பேசுகிறாய் என்கிறாள். ஹீத்கிளிஃபுக்கு விஷயம் தெரிந்ததும் அவன் கேட்கும் கேள்விகளில் ஒன்று, அண்ணன் சொத்துக்கு இவள் வாரிசுதானே என்பது.

இனி 13ஆம், 14ஆம் அத்தியாயங்களுக்கு வாருங்கள். கல்யாணமாகி வூதரிங் ஹைட்ஸ் வீட்டுக்கு வந்த இசபெல்லா, பழைய பணிப்பெண் நெல்லிக்குக் கடிதம் எழுதுகிறாள். வந்த புதுப்பெண்ணுக்கு அங்கே ஒரு படுக்கை கிடையாது. கஞ்சியைக்கூட அவளேதான் காய்ச்ச வேண்டியிருக்கிறது. ஒரு சின்னப் பையன் அவள்மேல் நாயை ஏவுகிறான். கணவனைப் பற்றி அவள் கேட்பது: அவன் மனிதன்தானா? மனிதன் என்றால் பைத்தியமா? இல்லையென்றால் பிசாசா?

பார்க்கப் போன நெல்லியிடம் ஹீத்கிளிஃப் சொல்வதைக் கவனியுங்கள். இவள் என்னைக் காதல் கதை நாயகனாகக் கற்பனை செய்துகொண்டு வந்தாள். கிளம்பும்போதே இவள் நாயைத் தூக்கில் மாட்டினேன், அப்போதும் இவளுக்குப் புரியவில்லை என்கிறான். மனைவியை எதிரில் வைத்துக்கொண்டு பேசுகிறான். சகோதரி, உங்கள் மகளுக்கான பதில் இங்கே இருக்கிறது. ஆன்ட்டி ஹீரோ கதையைக் கையில் வைத்துக்கொண்டு உருகும் வாசகியை எமிலி நாவலுக்குள்ளேயே கொண்டுவந்து, அந்த வீட்டில் குடியேற்றி, அங்கே ஒவ்வொரு நாளும் எப்படி இருக்கும் என்று காட்டிவிட்டார்.

அதே பேச்சில் இன்னொன்றும் சொல்கிறான். இவள் பிரிந்து போகக் கேட்கும்படியான ஒரு காரணத்தையும் நான் தரவில்லை, சட்டத்தின் எல்லைக்குள்ளேயே இருக்கிறேன் என்று. அவன் சொல்வது உண்மைதான், அதுதான் கொடுமை. கதை நடக்கும் 1780களில் இங்கிலாந்தில் மனைவியின் உடைமை பெரும்பாலும் கணவன் கைக்குப் போய்விடும். விவாகரத்து நீதிமன்றம் 1857இல்தான் வந்தது. மணமான பெண் தன் சொத்தைத் தானே வைத்துக்கொள்ள 1882 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பின்னால் இசபெல்லா இறந்ததும் மகனைத் தூக்கிக்கொள்ள அவனுக்குச் சட்டமே துணைக்கு வருகிறது.

இந்த நாவலில் எனக்கு மிகப் பிடித்த இடம் 17ஆம் அத்தியாயம். கேதரின் இறந்த பிறகு ஒரு காலையில் ஹீத்கிளிஃப் மேசைக் கத்தியை எடுத்து இசபெல்லாமேல் வீசுகிறான். காதுக்குக் கீழே வெட்டுப்படுகிறது. மெல்லிய செருப்போடு பனியில் ஓடிப் பிறந்த வீட்டுக்கு வந்து, கல்யாண மோதிரத்தைக் கழற்றித் தரையில் போட்டு, அடுப்புக் கம்பியால் அடித்து நசுக்கி, நெருப்பில் போடுகிறாள். அங்கேயும் தங்கவில்லை. லண்டன் பக்கம் போய்ப் பிள்ளை பெற்று, திரும்பி வராமலே வாழ்ந்து முடிக்கிறாள். அவளை அசட்டுப் பெண் என்று சொல்லிக் கடந்து போகிறவர்களை என்னால் ஏற்க முடிவதில்லை. அந்த வீட்டிலிருந்து தன் காலால் வெளியே வந்தவள் அவள்.

கேதரின் – ஹீத்கிளிஃப் காதல் பொய்யா என்றால், இல்லை. "நெல்லி, நான்தான் ஹீத்கிளிஃப்" என்று அவள் சொல்லும் இடத்தில் எனக்கு இன்றும் தொண்டை அடைக்கும். அடியும் அவமானமும் பட்டு வளர்ந்த ஒரு பையனும், அவனோடு மேட்டுக்காட்டில் ஓடித் திரிந்த ஒரு பெண்ணும். தன்னை முழுக்க அறிந்த ஓர் ஆள் வேண்டும் என்ற தவிப்பு யாருக்குத்தான் இல்லை? உங்கள் மகளும் அதைத் தேடித்தான் அந்தக் கதைகளுக்குப் போகிறாள். அந்தத் தவிப்பைக் கேலி செய்யாதீர்கள். ஆனால் அதே பேச்சில்தான், இப்போது இருக்கும் நிலையில் அவனைக் கட்டினால் எனக்கு இழிவு என்றும் கேதரின் சொல்கிறாள். அதுவரை ஒட்டுக்கேட்டவன், மீதியைக் கேட்காமலே வீட்டைவிட்டுப் போய்விடுகிறான். 34 அத்தியாயங்களில் 16ஆவதிலேயே அவள் இறந்துவிடுகிறாள். மிச்சப் பாதி முழுக்க, அந்தக் காதலின் விலையைச் சம்பந்தமே இல்லாத பிள்ளைகள் கட்டுகிறார்கள். கேதரினின் மகளைப் பூட்டி வைத்து, தன் நோயாளி மகனுக்குக் கட்டாயக் கல்யாணம் செய்து வைக்கிறான் ஹீத்கிளிஃப். அவளுடைய அப்பா அப்போது சாகக் கிடக்கிறார்.

கடைசி எபி அழுகை பற்றி எழுதியிருந்தீர்கள். சாகும் தறுவாயில் ஹீத்கிளிஃப் சொல்வது, நான் ஒரு அநியாயமும் செய்யவில்லை, எதற்கும் வருந்தவில்லை என்பதுதான். பழிவாங்கும் ஆசை அவனுக்கு வற்றிப்போகிறது, அவ்வளவே. யாருடைய அன்பும் அவனைத் திருத்தவில்லை. அவனை மன்னிக்கும்படி எமிலி நம்மிடம் ஓர் இடத்திலும் கேட்கவில்லை. உங்கள் மகள் படிக்கும் கதைகள் அந்த மன்னிப்பைக் கேட்பதற்காகவே எழுதப்படுகின்றன. நான் பார்க்கும் வித்தியாசம் இதுதான்.

போனைப் பிடுங்காதீர்கள். நான் சொன்ன மூன்று அத்தியாயங்களை அவளிடம் கொடுங்கள். படித்து முடித்ததும், அவளுக்குப் பிடித்த கதை ஒன்றை எடுத்து, கடைசிக்கு முந்தைய எபியில் அந்தப் பெண் என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். அவள் என்ன சொன்னாள் என்று எனக்கு எழுதுங்கள். அவளே எழுதினால் இன்னும் சந்தோஷம்.