90,000 ரூபாய் மல்டி ஜிம்மை இ.எம்.ஐ.யில் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. திருச்சியில் தனியார் நிறுவனத்தில் வேலை. கைக்கு வரும் சம்பளம் 52,000 ரூபாய். வாடகை வீடு, முதல் மாடி. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதால், நடப்பதோடு தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சியும் செய்யச் சொல்கிறார் டாக்டர். மாதம் 1,500 ரூபாய் கட்டி ஜிம்முக்குப் போனேன். ஷிப்ட் மாறிக்கொண்டே இருப்பதால் பாதி நாள் போக முடியவில்லை. 90,000 ரூபாய்க்கு, பல பயிற்சிகளை ஒரே மெஷினில் செய்யும் ஒரு மல்டி ஜிம் பார்த்து வைத்திருக்கிறேன். கிரெடிட் கார்டில் 12 மாத நோ-காஸ்ட் இ.எம்.ஐ. உண்டாம். வங்கியில் 60,000 ரூபாய் சேமிப்பு இருக்கிறது. வாங்கலாமா? 80டி பிரிவில் வரிச் சலுகை கிடைக்குமா?

பதில்: வரி விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். கிடைக்காது. 80டி முக்கியமாக மருத்துவக் காப்பீட்டு பிரீமியத்துக்கும், 5,000 ரூபாய் வரை முன்கூட்டிச் செய்துகொள்ளும் உடல் பரிசோதனைக்கும்தான். டாக்டரே எழுதிக் கொடுத்தாலும் ஜிம் சாமான் அதற்குள் வராது. நீங்கள் புதிய வரி முறையில் இருந்தால் அந்தச் சலுகையே கிடையாது.

அடுத்து அந்த நோ-காஸ்ட் இ.எம்.ஐ. வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கி 2013-லேயே சொல்லிவிட்டது. கார்டு வட்டி 16 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாதம் 7,500 வீதம் நீங்கள் கட்டும் 90,000-த்தில் அசல் ஏறக்குறைய 82,660, வட்டி 7,340. அந்த வட்டி அளவுக்குக் கடை தள்ளுபடி தருகிறது, அவ்வளவுதான். வட்டி மீதான 18 சதவீத ஜி.எஸ்.டி., சுமார் 1,320 ரூபாய், உங்கள் தலையில்தான் விழும். பிராசசிங் கட்டணம் தனி. ஆகவே எதை வாங்கினாலும், "மொத்தமாகக் கொடுத்தால் எவ்வளவு குறைப்பீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள்.

எனக்கு இ.எம்.ஐ.யைவிட அந்த மெஷின்தான் உறுத்துகிறது. நகைக்கடையில் செய்கூலி, சேதாரம் பார்க்கிறோம் இல்லையா, அதே கண்ணோடு பாருங்கள். மல்டி ஜிம் கல் பதித்த நெக்லஸ் மாதிரி. கேபிள், கப்பி, மெத்தை, ஃபிட்டிங் என்று எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கொடுக்கிறீர்கள். விற்கப் போனால் அதில் எதற்கும் மதிப்பில்லை. வீடு மாறினால் கழற்றி மாட்ட ஆள் தேட வேண்டும். டம்பெல்லில் எடைக்காக மாட்டும் வார்ப்பிரும்பு பிளேட் அப்படியல்ல, அது தங்கக் காசு மாதிரி. கிலோ கணக்கில் வாங்கலாம், கிலோ கணக்கில் விற்கலாம், பத்து வருஷம் கழித்தும் பத்து கிலோ பத்து கிலோதான். (சிமென்ட் நிரப்பிய பிளாஸ்டிக் பிளேட் விலை குறைவுதான். ஓரம் விரிந்தால் குப்பைக்குத்தான் போகும்.)

உங்களுக்கு 30,000 ரூபாயை உச்சவரம்பாக வைக்கிறேன். அதையும் ஒரே நாளில் செலவழிக்க வேண்டாம். முதல் மூன்று மாதம் கழற்றி மாட்டும் டம்பெல் ராடு ஒரு ஜோடி, 20 கிலோ பிளேட், ஒரு ரப்பர் மேட் மட்டும் போதும். கூடவே தண்டால், பஸ்கி. ஷிப்ட் முடிந்து வந்தும் வாரம் மூன்று நாள் செய்திருக்கிறீர்களா என்று காலண்டரில் குறித்து வாருங்கள். செய்திருந்தால் சாய்வு மாற்றக்கூடிய பெஞ்சும், பாரும் (இரு முனையிலும் பிளேட் மாட்டும் நீளக் கம்பி) வாங்கலாம். அதன் பிறகு தேவைப்படும்போது பிளேட் சேர்த்துக்கொள்ளலாம். 1.25 கிலோ பிளேட் இரண்டு ஜோடி மறக்காமல் வாங்குங்கள். எடையைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்ற அதுதான் உதவும்.

இங்கே பலர் பணத்தை விடும் இடம் ஒன்று உண்டு. பிளேட்டின் துளை இரண்டு அளவில் வருகிறது: ஒரு அங்குலத்தை ஒட்டிய சாதாரண அளவு, 50 மில்லிமீட்டர் ஒலிம்பிக் அளவு. ஒன்றின் பிளேட் மற்றதற்குச் சேராது. முதல் நாளே ஒன்றைத் தீர்மானித்துவிடுங்கள். ஒலிம்பிக் பார் மட்டும் 20 கிலோ, நீளம் 2.2 மீட்டர். பத்தடி அறையில் போட்டால் இரு பக்கமும் ஒன்றரை அடி கூட மிஞ்சாது, பிளேட் மாட்டச் சிரமப்படுவீர்கள். உங்களுக்குச் சாதாரண அளவில் ஐந்தடி பாரே சரி. தனியாகச் செய்யும்போது பெஞ்ச் பிரஸ்ஸை (பெஞ்சில் படுத்தபடி எடையை நெஞ்சுக்கு மேலே தூக்குவது) டம்பெல்லிலேயே செய்யுங்கள். பார் நெஞ்சில் இறங்கிவிட்டால் தூக்கிவிட ஆள் வேண்டும்.

முதல் மாடி என்பதால் தளத்தைப் பற்றியும் யோசிக்க வேண்டும். குடியிருப்பு அறைகளின் தளம் தாங்க வேண்டிய எடைக்கு ஐ.எஸ். 875 என்ற இந்தியக் கட்டட விதிமுறை வைத்திருக்கும் கணக்கு சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ. நான் சொன்ன சாமான்கள் பரவலாக இருந்தால் அதற்குள் அடங்கும். எல்லாப் பிளேட்டையும் அறை நடுவில் ஒரே அடுக்காக அடுக்காமல் சுவரோரம் பிரித்து வையுங்கள். டைல்ஸ் உடைவது எடையை 'தொப்'பென்று போடுவதால்தான், காலி செய்யும்போது அட்வான்ஸில் கழிப்பார்கள். மேட்டில் கஞ்சத்தனம் வேண்டாம்.

பழைய செட் கிடைத்தால் தாராளமாக வாங்குங்கள், ஆனால் நிறுத்துப் பார்த்து வாங்குங்கள். போன வருஷம் நண்பர் ஒருவருக்காகப் பார்க்கப் போனோம். 10 கிலோ என்று வார்த்திருந்த பிளேட்டை எதிரில் இருந்த பழைய இரும்புக் கடைத் தராசில் வைத்தால் 9 கிலோ 200 கிராம். விற்றவருக்கே அது தெரியாது. நிறுத்த எடைக்குக் காசு கொடுத்து வந்தோம். பெஞ்ச் என்றால் கவிழ்த்துப் போட்டு வெல்டிங்கைப் பாருங்கள். விரிசல் தெரிந்தால் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

அந்த 60,000-த்தைத் தொடாதீர்கள். உங்கள் சம்பளத்துக்கு அது ஒன்றரை மாதச் செலவுக்குத்தான் வரும். நின்றுபோன ஜிம் கட்டணம் 1,500-ஐயும், இ.எம்.ஐ.க்காக ஒதுக்கத் தயாராக இருந்த 7,500-ல் ஆயிரத்தையும் சேர்த்து மாதம் 2,500 ஆர்.டி. போடுங்கள். ஒரு வருஷத்தில் 30,000 வந்துவிடும், சாமானும் கடனில்லாமல் படிப்படியாக வந்து சேரும். மீதி 6,500-ல் முதல் வேலையாக, ஆபீஸ் பாலிசி இருந்தாலும், சொந்தமாக ஒரு மருத்துவக் காப்பீடு எடுங்கள். தனிநபர் பாலிசிக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. இல்லை. விண்ணப்பத்தில் எல்லைக்கோட்டுச் சர்க்கரையை மறைக்காமல் எழுதுங்கள். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காப்பீட்டுப் பணம் கிடைக்கக் காத்திருக்கும் காலம் இப்போது அதிகபட்சம் மூன்று வருஷம்தான், அதை இன்றே ஓட ஆரம்பிக்க விடுங்கள்.